மூன்று பேருக்கு மட்டும் பணம் இருந்தது
மருத்துவத்துக்கு நன்கொடை தரும் அறக்கட்டளையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,



2010-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், கார்ல் ஜூன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஒரு சிகிச்சையை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து எடுத்து, புற்றுநோயை அடையாளம் காட்டும் ஒரு மரபணுவை அவற்றில் ஏற்றி, மறுபடி அவர் உடம்புக்குள்ளேயே செலுத்துவது. இன்று கார்-டி என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதுகிற சிகிச்சை. அன்று அந்தக் குழுவிடம் மூன்று நோயாளிகளுக்குச் செய்யும் அளவுக்கே பணம் இருந்தது. அரசு நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. கைகொடுத்தது, ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டு இழப்புக்குப் பிறகு தொடங்கிய ஓர் அறக்கட்டளை.

இந்த மடலை மருத்துவர்களுக்கோ அமைச்சர்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

நான் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில், ரத்தச் செல்களைப் பிரிக்கும் மெஷினோடு வேலை பார்க்கிறவள். அந்த மெஷினின் பக்கவாட்டில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் பொறித்த தகடு இருக்கிறது. டெங்கு காலத்தில் அது ராத்திரி பகலாக ஓடும்போது, அந்தப் பெயரைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டிருக்கிறேன். உங்களுடைய டயாலிசிஸ் கட்டில்களும் ஸ்கேன் கருவிகளும் இல்லாவிட்டால் எத்தனை பேர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நன்றியோடுதான் இன்னொன்றைக் கேட்க வந்திருக்கிறேன்.

கார்-டி சிகிச்சையின் முதல் படியும் இந்த மெஷினில்தான் நடக்கிறது. ஒரு கையிலிருந்து ரத்தத்தை இழுத்து, சுழலவிட்டு, வெள்ளை அணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு கைவழியே ஏற்றிவிடுவோம். மூன்று நான்கு மணி நேரம் நோயாளி கையை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதட்டோரம் மரத்துப்போகிறது என்பார்கள், கால்சியம் கொடுப்போம். கடைசியில், மேலே தொங்கும் சின்னப் பையில் தக்காளி ரசத்தின் நிறத்தில் கொஞ்சம் திரவம் சேர்ந்திருக்கும். வேண்டிய டி செல்கள் அதற்குள் இருக்கின்றன.

மீதி வேலை ஆய்வகத்தில். அந்தச் செல்களோடு கண்ணுக்குத் தெரியாத அளவிலான காந்த மணிகளைக் கலப்பார்கள். மணிகளின் மேல் சிடி3, சிடி28 என்ற இரண்டு கொக்கிகளைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் ஒட்டப்பட்டிருக்கும். அது பட்டதும், எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி டி செல்கள் மளமளவென்று பெருகும். பெருகும் நேரத்தில், புதிய மரபணுவைச் சுமந்துவரும் வைரஸை உள்ளே விடுவார்கள். அது எச்ஐவி வைரஸிலிருந்து செய்தது. நோய் உண்டாக்கும் பகுதிகளையெல்லாம் நீக்கிவிட்டு, செல்லுக்குள் நுழைந்து மரபணுவை ஒட்டிவைக்கும் திறமையை மட்டும் மிச்சம் வைத்தது. மரபணு ஏறிய டி செல்லின் மேற்பரப்பில் ஒரு புது ஏற்பி முளைக்கும். பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களின் மேலிருக்கும் சிடி19 என்ற புரதத்தைக் கண்டால் அது விடாது. ரத்தப் புற்றுநோய்களில் பல பி செல்களில் தோன்றுகிறவை. நல்ல பி செல்களும் கூடவே அழியும். அதற்கு ஈடாக இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்றிச் சமாளிக்கலாம். ஏறத்தாழ பத்து நாளில் மணிகளைக் காந்தத்தால் நீக்கிவிட்டு, செல்களை உறையவைத்து அனுப்புவார்கள். நோயாளிக்கு அது ஏறி முடிய அரைமணி நேரம்கூட ஆகாது.

அரைமணி நேரத்தில் ஏறி முடிகிற அந்தப் பைக்குப் பின்னால் இருபது வருஷம் இருக்கிறது. இப்படியொரு ஒட்டு ஏற்பியை 1989-இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் செய்து காட்டியவர் செலிக் எஷ்ஹார். முதலில் செய்த செல்கள் உடம்புக்குள் போனதும் சீக்கிரமே சோர்ந்துபோயின. நியூயார்க்கில் மிஷெல் சடலைன் குழு, சிடி28-இன் ஒரு துண்டைச் சேர்த்து அவற்றுக்குத் தெம்பு கொடுத்தது. மெம்ஃபிஸ் நகரில் டாரியோ கம்பானா குழு 4-1பிபி என்ற இன்னொரு துண்டைச் சேர்த்தது; ஜூன் குழு கையிலெடுத்தது இந்த வடிவத்தைத்தான். இவர்களில் யாருடைய வேலையும் ஆரம்பத்தில் பலிக்கும் என்று உத்தரவாதம் கொடுத்து நடந்ததில்லை.

ஜூனின் கதையில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் பகுதி ஒன்று உண்டு. அவர் கடற்படை மருத்துவர். சியாட்டிலில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைக் கற்றுவந்தவருக்குக் கடற்படையில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்ய வழியில்லை. அங்கே வேண்டியது தொற்றுநோய் ஆராய்ச்சி. ஆகவே எச்ஐவி பக்கம் போனார். எய்ட்ஸ் நோயாளிகளின் டி செல்களை எப்படியாவது வெளியே வளர்த்துக் கொடுக்க முடியுமா என்று புரூஸ் லெவின் என்ற சகாவோடு தேடியபோது வந்ததுதான் மேலே சொன்ன காந்த மணி. வைரஸை வண்டியாக்கும் பழக்கமும் அங்கே கற்றதுதான். 1999-இல் பென்சில்வேனியாவுக்கு வந்தார். 2001-இல் அவர் மனைவி சூலகப் புற்றுநோயால் இறந்தார்.

அவர் வந்து சேர்ந்த அதே 1999-இல், அதே பல்கலைக்கழகத்தில், வேறொரு குழுவின் மரபணு சிகிச்சைப் பரிசோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்துபோனார். நாடே அதிர்ந்தது. மரபணு சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டாலே பணம் கொடுப்பவர்கள் பின்வாங்கிய காலம் அது. அந்தக் காலத்தில்தான், 2001-இல், எட்வர்ட் நெட்டரும் பார்பரா நெட்டரும் தங்கள் மருமகளை மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தோடு, புற்றுநோய்க்கான மரபணு, செல் சிகிச்சை ஆராய்ச்சிக்கு மட்டும் கொடுப்பது என்று ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அவர்கள் நினைத்திருந்தால் அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு மருத்துவமனைக் கட்டடம் எழுப்பியிருக்கலாம். அதுவும் நல்ல காரியமாகவே இருந்திருக்கும். யாரும் கொடுக்காத இடம் எது என்று தேடிப்போய்க் கொடுத்தார்கள்.

அந்தப் பணத்தில் சிகிச்சை பெற்ற மூன்று பேரில் முதலாமவர் பில் லட்விக், நியூஜெர்சியில் சிறை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பல வருஷம் கீமோ பார்த்து, இனி மருந்தில்லை என்ற நிலையில் வந்தவர். செல்கள் ஏறிச் சில நாளில் கடும் காய்ச்சல், நடுக்கம். பிழைப்பாரா என்றே பயந்தார்கள். காய்ச்சல் தணிந்த பிறகு எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் செல் ஒன்றுகூடத் தென்படவில்லை. சோதனையில்தான் தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் இல்லை. மூவரில் இருவருக்கு நோயின் சுவடே இல்லாமல் போனது. மூன்றாமவருக்கு ஓரளவு குறைந்தது. 2011 ஆகஸ்டில் இது கட்டுரைகளாக வந்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷமே நோவார்டிஸ் என்ற மருந்துக் கம்பெனி பெரும் பணத்தோடு வந்து சேர்ந்தது. லட்விக் 2021-இல் கோவிட் தொற்றால் இறந்தார். அந்தப் பத்து வருஷத்திலும் அவருடைய ரத்தப் புற்றுநோய் திரும்பவில்லை. மாற்றியமைத்த செல்கள் அவர் உடம்பில் அதுவரை இருந்ததை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நோவார்டிஸ் வந்தது மூன்று பேருக்குப் பிறகு. அதற்கு முன்னால் வந்தவர்கள் நெட்டர் தம்பதி. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எலியில் பலித்த ஒன்றை முதல் மூன்று நான்கு மனிதர்களிடம் கொண்டுபோகும் அந்த இடைவெளியில்தான் நல்ல யோசனைகள் பெரும்பாலும் கிடந்து போகின்றன. அரசு நிதிக்குழு இன்னும் ஆதாரம் வேண்டும் என்கிறது. கம்பெனி லாபம் தெரியட்டும் என்கிறது. ஆதாரமும் லாபக் கணக்கும் அந்த மூன்று பேருக்குச் செய்து பார்த்தால்தான் கிடைக்கும்.

கொடுத்தால் கட்டாயம் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் குடல் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய ஒரு பெண்ணுக்கு, வேறொரு புரதத்தைக் குறிவைத்த டி செல்களை ஏற்றினார்கள். அந்தப் புரதம் நுரையீரலின் நல்ல செல்களிலும் மெல்லியதாக இருந்தது. செல்கள் அங்கே பாய்ந்தன. ஐந்து நாளில் அவர் இறந்துவிட்டார். அதை மறைக்காமல் 2010-இல் அறிக்கையாக வெளியிட்டதால் உலகம் முழுவதும் அளவையும் குறியையும் மாற்றினார்கள்.

எமிலி வைட்ஹெட் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். ஆறு வயதுக் குழந்தை. இரண்டு முறை திரும்பிவந்த ரத்தப் புற்றுநோய். 2012 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் ஸ்டீஃபன் கிரப், அவளுக்கு ஜூன் குழுவின் செல்களை ஏற்றினார். இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை அவள். காய்ச்சல் ஏறிக்கொண்டே போய், வென்டிலேட்டரில் வைத்து, ராத்திரி தாங்காது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் வழக்கத்தைவிட ஆயிரம் மடங்குக்கு ஏறியிருந்தது. ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் உண்டு. அந்த நோய்க்கு ஐஎல்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து வந்திருப்பது ஒரு தகப்பனாக அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவுக்கு அதுவரை யாரும் கொடுத்துப் பார்க்காத மருந்து. கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. மே 2-ஆம் தேதி, தன் ஏழாவது பிறந்தநாளன்று, எமிலி கண்விழித்தாள். புற்றுநோய் போயே போய்விட்டது. இன்று கார்-டி கொடுக்கும் எந்த வார்டிலும் டோசிலிசுமாப் கையருகே இல்லாமல் பையைத் தொங்கவிட மாட்டார்கள்.

அந்த ராத்திரி எமிலி தவறியிருந்தால் இந்த முயற்சி அங்கேயே நின்றுபோயிருக்கும் என்று அதில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். பணம் கொடுத்தவர்கள் அந்த அபாயத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டவர்கள்.

2017 ஆகஸ்ட் 30-ஆம் தேதி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கிம்ரியா என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. மற்ற மருந்துகளெல்லாம் கைவிட்ட குழந்தைகளிலும் இளைஞர்களிலும் 81 சதவீதத்தினருக்கு மூன்றே மாதத்தில் நோய் அடங்கியிருந்தது. அவர்களில் பலருக்குப் பிற்பாடு திரும்பிவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மார்பகம், நுரையீரல், குடல் போன்ற கட்டிப் புற்றுநோய்களில் கார்-டி இன்னும் பெரிதாகச் சாதிக்கவில்லை. சிகிச்சை பெற்ற சிலருக்குப் பின்னாளில் டி செல்லிலேயே புற்றுநோய் வந்ததால், 2024 தொடக்கத்தில் எச்சரிக்கை வாசகம் சேர்க்க அதே துறை சொன்னது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது போல இது எல்லாப் புற்றுநோய்க்குமான மருந்து கிடையாது.

விலைதான் என் மனதை அறுப்பது. கிம்ரியாவுக்கு வைத்த விலை 4,75,000 டாலர். அன்றைய கணக்கில் மூன்று கோடி ரூபாய். தர்மப் பணத்தில் முளைத்த ஒரு மருந்துக்கு அந்த விலை. நெட்டர் தம்பதியை நான் குறை சொல்லவில்லை. பலிக்குமா என்பதே தெரியாதபோது விலையைப் பற்றி யார் யோசித்திருப்பார்கள்? ஆனால் நமக்கு இப்போது தெரியும்.

மும்பையில் அதைத் தெரிந்து செய்தார்கள். பாஸ்டனில் ஆராய்ச்சி செய்துவிட்டு 2013-இல் ஐஐடி பம்பாய்க்கு வந்த ராகுல் பூர்வார், தன் மாணவர்களோடு, இறக்குமதி செய்யாமல் இங்கேயே ஏற்பியை வடிவமைத்து, வைரஸை இங்கேயே தயாரித்து, செல்களை இங்கேயே வளர்க்கும் வழியைப் படிப்படியாகக் கட்டினார். அல்கா த்விவேதி போன்ற முனைவர் பட்ட மாணவர்கள் அதில் தங்கள் இளமையின் நல்ல வருஷங்களைக் கொடுத்தார்கள். டாடா மெமோரியல் மருத்துவர்கள் ஹஸ்முக் ஜெயினும் கௌரவ் நரூலாவும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். மனிதர்களிடம் பரிசோதிக்க மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் திட்டம் 19 கோடி ரூபாய் அளவில் கொடுத்தது. 2021 ஜூன் 4-ஆம் தேதி, நவி மும்பையில் முதல் சிகிச்சை. 2023 அக்டோபரில் நெக்ஸ்கார்19 என்ற பெயரில் அனுமதி. 2025-இல் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வந்த முடிவுகளில் 73 சதவீதத்தினருக்குப் பலன் தெரிந்திருந்தது. அறிமுகமானபோது விலை நாற்பது லட்சத்தைச் சுற்றி இருந்தது. அமெரிக்க விலையோடு பார்த்தால் மிகப்பெரிய இறக்கம்.

அப்படியும் நாற்பது லட்சம். பத்திரிகையில் வந்த செய்தியைக் கத்தரித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த ஒரு தகப்பன் என்னிடம் அதை விரித்துக் காட்டி, "சிஸ்டர், இது நம்ம புள்ளைக்கு ஆகுமா?" என்றார். டாக்டரைப் பாருங்கள் என்றேன். டாக்டர் சொல்வதற்கு முன்பே, எவ்வளவு ஆகும் என்று அவரே கீழ்ப்பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். நிலம் எவ்வளவு இருக்கிறது, விற்றால் எவ்வளவு தேறும் என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் அந்தப் பையனுக்கு அன்றைய பிளேட்லெட்டை எடுத்துக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

உங்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் வருஷாவருஷம் மருத்துவத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, பத்தில் ஒன்றானாலும் சரி, எலிக்கும் முதல் நோயாளிக்கும் நடுவிலிருக்கும் அந்த வேலைக்கு ஒதுக்குங்கள். அங்கே படம் எடுத்துப்போட ஒன்றும் இருக்காது. தூசு புகாத ஓர் அறையை வருஷம் முழுக்க ஓட்டும் கரண்ட் பில், ஒரு தடவைக்கான வைரஸ் தயாரிப்பு, கிருமி இல்லை என்று உறுதிசெய்யும் சோதனைகள், ஐந்து வருஷம் இடத்தை விட்டு நகராமல் வேலை பார்க்கும் இரண்டு டெக்னீஷியன்களின் சம்பளம், ஒரு மாணவியின் உதவித்தொகை. இவ்வளவுதான். ஆனால் பாதியில் பணம் நின்று, டெக்னீஷியன் வேறு வேலைக்குப் போய்விட்டால் நாலு வருஷக் கைப்பழக்கம் அவரோடு போய்விடும். இந்த வேலையில் கைப்பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கொடுப்பதை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஒரு வருஷம் கொடுத்துவிட்டு முடிவு எங்கே என்று கேட்காதீர்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை நிர்வகிப்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் கணக்கில் வருமா என்ற தயக்கம் பல இடங்களில் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஐஐடிகளுக்கும் ஐசிஎம்ஆர், உயிரித் தொழில்நுட்பத் துறை போன்றவற்றின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் கொடுப்பதற்கு இடம் இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடமே கேட்டுப்பாருங்கள்.

இது நமக்குப் புதிதான குணமும் இல்லை. உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, நன்கொடை திரட்டி, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தபோது, சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்கிற காலமாகத்தான் இருந்தது. அன்று கொடுத்தவர்களும் பலன் தெரியாமல்தான் கொடுத்தார்கள்.

கொடுக்கும்போது இரண்டு விஷயங்களை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பலித்தால், இந்த நாட்டின் அரசு மருத்துவமனை நோயாளிக்கு என்ன விலையில் கிடைக்கும் என்பது ஒன்று. கண்டுபிடிப்பை எந்தக் கம்பெனிக்குக் கைமாற்றினாலும் அந்த விலை நிபந்தனை கூடவே போக வேண்டும். பலிக்காவிட்டாலும் முடிவுகளை முழுசாக வெளியிட வேண்டும் என்பது இன்னொன்று. கம்பெனி வந்த பிறகு இதைக் கேட்க முடியாது. யாரும் பணம் தராத நேரத்தில் பணத்தோடு நிற்பவர் கேட்டால் ஆராய்ச்சியாளர் சம்மதிப்பார். பெரும்பாலும் அவருக்கும் அதுதான் விருப்பமாக இருக்கும்.

எந்த விண்ணப்பம் தேறும், எது தேறாது என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாதே என்று நினைக்கலாம். அதற்காகவே நெட்டர் தம்பதி தங்கள் அறக்கட்டளைக்கு விஞ்ஞானிகளைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழு வைத்துக்கொண்டார்கள். நீங்களும் இரண்டு ரத்தநோய் மருத்துவர்கள், செல் உயிரியல் தெரிந்த ஒருவர், மருந்துப் பரிசோதனைச் சட்டம் தெரிந்த ஒருவர் என்று நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் போதும். சம்பளம் எதிர்பார்க்காமல் வருவார்கள். சின்ன அறக்கட்டளைகள் நாலைந்து சேர்ந்து ஒரே குழுவை வைத்துக்கொள்ளலாம். செல் பிரிக்கும் அறை எப்படி நடக்கிறது, எதற்கு எவ்வளவு ஆகிறது என்று நேரில் பார்க்க வேண்டுமென்றால், உங்கள் ஊர் ரத்த வங்கிக்கு ஒரு நாள் காலையில் வாருங்கள். எங்களில் யாராவது ஒருவர் உடனிருந்து காட்டுவார்.

இப்படிக்கு,
ரத்த வங்கித் தொழில்நுட்பப் பணியாளர் ஒருத்தி